உறைந்தும் நில்லாக் குருதி

குருதி ஒழுக்கு நோய் என்றதும் பலர் நினைவுக்கு வருவது ஹீமோபீலியாவே. அதனினும் அரிய நோயொன்று உண்டு. ஏறத்தாழ இருபது இலட்சம் பேரில் ஒருவருக்கே வருவது. ஆயினும் தமிழர் அறிந்திருக்க வேண்டியது. அது பதின்மூன்றாம் உறைகாரணிக் குறைபாடு.

காயம்பட்ட இடத்தில் குருதி உறைவது, பல உறைகாரணிகள் ஒன்றையொன்று தூண்டுவதன் பயனாகும். முடிவில் ஃபைப்ரின் என்னும் நாரிழைகள் வலைபோல் படரும். அவ்விழைகளை முடிச்சிட்டு இறுக்குவது பதின்மூன்றாம் காரணி. முடிச்சில்லா வலை மீனைத் தாங்குமோ? இக்காரணி அற்றோர்க்குக் குருதி உரிய நேரத்தில் உறையும். ஆனால் உறைந்தது நில்லாது கரையும். ஆறிவிட்டதென எண்ணிய காயம் ஓரிரு நாளில் மீண்டும் ஒழுகும். 1960இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இதனை முதன்முதல் விளக்கினர்.

ஒழுக்கின் கடுமையை உறுதி செய்வது எது? காரணியின் அளவே என்போம். அது முழு உண்மையன்று. ஐரோப்பிய மருத்துவ நிலையங்கள் 489 நோயாளரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. பதின்மூன்றாம் காரணி இயல்பளவில் நூற்றுக்கு 31 பங்கு இருந்தோர்க்கு ஒழுக்கில்லை. அறவே அற்றோர்க்குக் கடும் ஒழுக்கு. இங்கே அளவு பேசுகிறது. பதினோராம் காரணியிலோ, ஒழுக்கற்றோர்க்கு 26, கடும் ஒழுக்குடையோர்க்கு 25! இங்கே அளவு வாய் திறக்கவில்லை. ஆகவே ஒரு நோய்க்குரிய அளவுகோலை மற்றொன்றுக்கு வைத்தல் தகாது. அளவு ஒருபுறமிருக்க, மரபணுப் பிழையின் இயல்பு, அடிபடுதல், மகப்பேறு, ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் ஆகியனவும் ஒழுக்கைக் கூட்டவோ குறைக்கவோ வல்லன.

இந்நோயில் பேரிடர் ஒன்றுண்டு. குருதி உறையும் நேரத்தை அளக்கும் வழக்கமான சோதனைகள் குறை காட்டா. 'நோயில்லை' என்று வீடு திரும்பும் பிள்ளைக்கு மூளையில் குருதி கசியலாம். கடுங்குறைபாடு உடையோரில் மூவருள் ஒருவர் அளவுக்கு இது நேர்கிறது. உறைந்த குருதியை யூரியாக் கரைசலில் இட்டுக் கரைகிறதா எனப் பார்ப்பது பழைய சோதனை. அதுவும் கடுங்குறையை மட்டுமே காட்டும். காரணியை நேரே அளப்பதே திண்ணம்.

தாய், தந்தை இருவரும் நலமாயிருந்தே பழுதுற்ற மரபணுவைத் தாங்கியிருக்கலாம். அவர்தம் ஒவ்வொரு மகவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கில், ஒரு பாட்டனின் பழுது இருவழியும் வந்து கூடுதல் எளிது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் 2006இல், உறவற்ற இந்தியர் எண்மரிடம் இம்மரபணுப் பிழைகளை ஆராய்ந்து, அதுவரை அறியாத ஐந்தினைக் கண்டனர்.

நோய் கொடிதாயினும் மருந்து எளிது. இக்காரணி உடலில் நெடுநாள் தங்குவதால், ஏறத்தாழ நான்கு வாரத்திற்கு ஒருமுறை செலுத்தினாலே பெரும்பாலோர்க்குப் போதும். சிறிதளவு இருந்தாலும் உயிர் காக்கும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல். அடிக்கடி குருதி ஒழுகும் மாணவனைக் கண்டால், தாயிடம் மூன்று கேளுங்கள்: பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த இடத்தில் குருதி நில்லாது ஒழுகியதா? உடன்பிறந்தார் எவரேனும் குருதிக் கசிவால் இறந்தனரா? பெற்றோர் உறவினரா? விடை ஆம் எனில், அதனை மருத்துவரிடம் கூறச் செய்யுங்கள். அத்தகைய பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால், புறக்காயம் இல்லையென்று பொறுத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.