மாடியறையில் ஒரு விமானம்

என் வீட்டு மாடியில் ஆகாய விமானம் ஒன்றின் முன்பகுதி இருக்கிறது என்று நான் கூறினால் நேயர்களில் பலர் நகைக்கக்கூடும். என் வீட்டாரும் முதலில் நகைத்தார்கள். துணி உலர்த்தும் இடம் குறைந்துபோனதைக் கண்ட பின்னர் நகைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அந்த விமானத்திற்கு இறக்கை இல்லை, வால் இல்லை, எஞ்சினும் இல்லை. இரண்டு ஆசனங்களும், அவற்றின் முன்னும் இடையிலும் தலைக்கு மேலும் அமைந்த கருவிப் பலகைகளுமே உள்ளன. போயிங் 737 என்னும் பிரயாணி விமானத்தில் விமானிகள் அமரும் அறையை, அளவு பிசகாமல், மரப்பலகையிலும் அக்ரிலிக் தகட்டிலும் செய்து வைத்திருக்கிறேன். பறப்பதெல்லாம் கணிப்பொறிக்குள் நிகழும் கணக்கு. உலகின் பல நாடுகளில் இந்தப் பொழுதுபோக்கு உடையவர்கள் இருக்கிறார்கள். கார் நிறுத்தும் கொட்டகையில் கட்டுவோர் உண்டு. நிலவறையில் கட்டுவோர் உண்டு. படுக்கையறையையே காலி செய்துகொண்டு கட்டுவோரும் உண்டு.

நிலவறை என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்க நாட்டில் பிங்காம்டன் என்னும் ஊரில் எட்வின் லிங்க் என்பவர் இருந்தார். அவருடைய தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தார். லிங்க் 1920ஆம் ஆண்டில் விமானம் ஓட்டும் பாடத்திற்குப் பணம் கட்டிப் போனார்; ஆனால் அந்த முதல் பாடத்தில் ஆசிரியர் அவரை விசைகளைத் தொடவே விடவில்லை. தரையில் இருந்தபடியே ஏன் கற்கக் கூடாது என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஆர்கன் வாத்தியத்திற்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, தந்தையின் தொழிற்சாலை நிலவறையில், 1929ஆம் ஆண்டளவில் ஒரு பயிற்சிப் பொறியைச் செய்து முடித்தார். சிறகு முளைத்த ஒரு பெட்டி. அதற்குள் ஓர் ஆசனம். கைப்பிடியை அசைத்தால் துருத்திகள் சுருங்கியும் விரிந்தும் பெட்டியைச் சாய்க்கும், நிமிர்த்தும். விமானப் பள்ளிகள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்களே வாங்கின!

அதன் அருமை 1934ஆம் ஆண்டில் தெரியவந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் அமெரிக்க இராணுவம் விமானத் தபால் வேலையை ஏற்றுக்கொண்டது. இரவிலும், பனியிலும், மேகத்திலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பழக்கம் இராணுவ விமானிகளுக்குப் போதவில்லை. சில வாரங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். லிங்கின் பொறியைப் பார்க்க விரும்பிய அதிகாரிகள் நெவார்க் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். அன்று மூடுபனி. ஆள் வரமாட்டார் என்று அவர்கள் புறப்பட இருந்த வேளையில், லிங்க் தம் விமானத்தைக் கருவிகளின் துணையாலேயே ஓட்டிவந்து இறக்கினார். இராணுவம் ஆறு பொறிகளை வாங்கிற்று. இரண்டாவது உலகப் போர் முடிவதற்குள் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் அந்தப் பெட்டியில் அமர்ந்து பயின்றுவிட்டார்கள்.

மேகத்திற்குள் கண் தெரியவில்லை என்றால் உடலின் உணர்ச்சியைக் கொண்டு ஓட்டக் கூடாதா என்று மாணவர்கள் கேட்கலாம். கூடாது. நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றில் திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது குழல் திரும்பும், திரவம் பின்தங்கும், அந்த வேறுபாட்டால் நாம் திரும்புகிறோம் என்று மூளை அறிகிறது. விமானம் ஒரே சீராக இருபது விநாடி அளவு திரும்பிக்கொண்டே இருந்தால், திரவமும் குழலோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். அப்போது விமானி, தாம் நேராகப் போவதாகவே சத்தியம் செய்வார். விமானமோ சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். செவி சொல்வதைத் தள்ளிவிட்டு முள் சொல்வதை ஏற்க வேண்டும். இப்பாடத்தை வானத்தில் கற்றால் தவறு செய்தவன் திரும்பிவந்து மறுமுறை கற்க முடியாது. லிங்கின் பெட்டியில் முடியும்.

இனி என் மாடியறைக்கு வருவோம். நான் பௌதிக ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தச்சு வேலையை எளிது என்று நினைத்தேன். அதுவே பாதி ஆண்டை விழுங்கிற்று. கம்பி வேலைதான் எனக்கு மகிழ்ச்சி தந்தது. தலைக்கு மேலுள்ள பலகையில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட விசைகளும் விளக்குகளும் உண்டு. அவற்றைக் கணிப்பொறியோடு இணைக்க நான் பயன்படுத்துவது ஆர்டுயினோ மெகா என்னும் உள்ளங்கையளவுப் பலகை. அதில் 54 டிஜிட்டல் முனைகளே இருக்கின்றன. எப்படி நூறு விசைகளைச் சேர்ப்பது? சதுரங்கக் கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கம்பிகளைக் குறுக்கேயும் எட்டுக் கம்பிகளை நெடுக்கேயும் போட்டு, அவை சந்திக்கும் இடந்தோறும் ஒரு விசையை வைத்தால், 16 கம்பிகளில் 64 விசைகள் அடங்கிவிடும். பலகை ஒவ்வொரு வரிசையாக மின்சாரம் அனுப்பி, எந்த நெடுக்குக் கம்பியில் பதில் வருகிறது என்று பார்க்கும். ஒரே சமயத்தில் பல விசைகள் மூடியிருந்தால் மின்சாரம் குறுக்கு வழியில் புகுந்து, மூடாத விசையையும் மூடியதாகக் காட்டும். அதைத் தடுக்க ஒவ்வொரு விசைக்கும் டயோடு என்னும் ஒருவழிக் கதவு வேண்டும். நான் முதலில் சிக்கனம் கருதி அதை வைக்கவில்லை. விளைவு, தரைவிளக்கைப் போட்டால் எரிபொருள் பம்பும் ஓடிற்று.

மற்றொரு தொல்லையும் உண்டு. விசையை ஒருமுறை தட்டினால், உள்ளே இருக்கும் உலோக நாக்கு உடனே ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் விழுந்த பந்துபோல் சில தடவை துள்ளி அடங்குகிறது. நமக்கு அது தெரியாது. கணிப்பொறிக்கோ அது நாலைந்து தட்டல்கள். முதல் தட்டலுக்குப் பின் 20 மில்லி விநாடி பொறுத்து மறுபடி பார் என்று கட்டளை எழுதினேன், அடங்கிற்று.

வெளிக்காட்சியைப் பற்றி ஒரு சொல். கண்ணாடிக்கு வெளியே அரை மீட்டர் தூரத்தில் முதலில் ஒரு தொலைக்காட்சித் திரையை வைத்தேன். தலையைச் சற்று அசைத்தாலும் ஓடுபாதை இடம் மாறிற்று. நெடுந்தொலைவில் உள்ள பொருள் அவ்வாறு மாறாது அல்லவா? விமானக் கம்பெனிகளின் பயிற்சிப் பொறிகளில், பெரிய குழிவாடியைக் கொண்டு ஒளிக்கதிர்களை இணைகதிர்களாக்கிக் காட்சியைத் தொலைவில் இருப்பதுபோல் செய்கிறார்கள். அது என் கைக்கு எட்டாது. வளைந்த வெள்ளைத் திரையைத் தள்ளி வைத்துப் படவீழ்த்தியால் காட்சியை வீழ்த்தினேன். பெரும்பாலும் சரியாயிற்று, முழுவதும் அல்ல.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது ஒரு சக்கரத்தைப் பற்றி. விமானத்தில் வேகம் மாறும்போதும் எரிபொருள் குறையும்போதும் மூக்கு மேலெழவோ கீழிறங்கவோ முயலும். விமானி அதை ஓயாமல் கையால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகையால் வாலில் உள்ள கிடைச்சிறகின் சாய்வையே சிறிது மாற்றிச் சமன் செய்கிறார்கள். 737 விமானத்தில் இதற்காக இரு விமானிகளின் முழங்கால் அருகிலும் ஒவ்வொரு கரிய சக்கரம் இருக்கிறது. அதில் வெள்ளைக்கோடு ஒன்று உண்டு. இரும்பு வடங்கள் அதனை வாலோடு இணைக்கின்றன. வழக்கமாக மின்மோட்டார் வேலை செய்யும். அப்போது சக்கரம் கடகடவென்று தானே சுழலும். மோட்டாரை நிறுத்திவிட்டால், மடங்கியிருக்கும் கைப்பிடியை விரித்துக் கையால் சுற்ற வேண்டும்.

என் சக்கரத்தைப் பலகையில் அறுத்துக் கறுப்பு வண்ணம் பூசிச் சிறு மோட்டார் ஒன்றை அடியில் வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் மெச்சினார்கள். 2018ஆம் ஆண்டு டிசம்பரில், முன்பு என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வந்தார். அவர் இப்போது 737 விமானங்களை ஓட்டும் தலைமை விமானி. ஆசனத்தில் அமர்ந்து கண்களை மூடிக்கொண்டு, ஒவ்வொரு விசையின் பெயரையும் சொல்லிக் கையை நீட்டினார். ஏறக்குறைய எல்லாம் கையில் அகப்பட்டன. எனக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசியில் சமன்சக்கரத்தை ஒரு விரலால் சுழற்றிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"ஸார், இது இவ்வளவு இலேசாகச் சுற்றக் கூடாது. வேகம் ஏறினால் இரண்டு கை போட்டாலும் திணறும்," என்றார்.

"வீட்டு விளையாட்டுக்கு இது போதாதா?" என்றேன்.

அவர் மறுமொழி சொல்லாமல், பக்கத்து ஆசனத்தில் இருந்த என் தங்கை மகனைப் பார்த்தார். அவன் அப்போது விமானப் பயிற்சிக்குச் சேர விண்ணப்பித்திருந்தான். மாலைதோறும் இங்கேதான் பழகுவான். "இவருடைய கை இதை உண்மை என்று நம்பிவிடும், ஸார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திருத்த வேண்டும் என்று எண்ணினேன். பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு மறந்தும் போனேன்.

2019ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி, அடிஸ் அபாபாவில் புறப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று ஆறு நிமிஷத்தில் விழுந்து 157 பேர் இறந்தார்கள். அது 737 வரிசையில் புதியதான மாக்ஸ் வகையைச் சேர்ந்தது. விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் கருவி தவறாகச் சொல்ல, அதை நம்பிய தானியங்கி அமைப்பு வால்சிறகைத் திருப்பி மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளிற்று. விமானிகள் மோட்டாரை நிறுத்தினார்கள். சக்கரத்தைக் கையால் சுற்ற முயன்றார்கள். அது இடங்கொடுக்கவில்லை. காரணம் பௌதிகம்தான். சிறகின்மேல் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. அன்று வேகம் மிக அதிகமாகிவிட்டது. மூக்கை நிமிர்த்த விமானிகள் கைப்பிடியை இழுக்க இழுக்க, வால்சிறகைத் தாங்கும் திருகின்மேல் சுமை இன்னும் கூடிற்று.

அவ்வாண்டு மே மாதத்தில் போயிங் நிறுவனம் ஒன்றை ஒப்புக்கொண்டது. மாக்ஸ் வகைக்கான பயிற்சிப் பொறிகளின் மென்பொருள் சில பறக்கும் நிலைமைகளைச் சரிவரக் காட்டவில்லை; அதைத் திருத்திவிட்டோம் என்றது. கையால் அந்தச் சக்கரத்தைச் சுற்ற வேண்டிய பலமும் அவற்றுள் ஒன்று என்று பத்திரிகைகள் எழுதின. பெரும் பணம் செலவிட்டு நிபுணர்கள் அமைத்த பொறியிலும் அதே இடத்தில் அதே குறை! செய்தியைப் படித்துவிட்டு மாடிக்குப் போனேன். என் விரல் பட்டதும் சக்கரம் சுகமாகச் சுழன்றது. அன்று இரவு நான் விளக்கைப் போடவே இல்லை.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றினேன். அதன் அச்சில் தோல்வாரைச் சுற்றி, அதை இழுத்துப் பிடிக்க ஒரு மோட்டாரை அமைத்தேன். கணிப்பொறி கூறும் வேகத்தின் வர்க்கத்திற்கும், கைப்பிடி இழுக்கப்பட்ட அளவிற்கும் ஏற்ப வார் இறுகும். முதல் நாள் தோல் கருகி மாடியெல்லாம் நாற்றம். வீட்டில் வாங்கிய வசவை இங்கே சொல்ல வேண்டியதில்லை. இப்போது வேகம் மிகுந்தால், நானும் தங்கை மகனும் ஆளுக்கொரு பக்கம் பற்றிச் சுற்றினாலும் சக்கரம் அங்குல அங்குலமாகவே நகர்கிறது. ஆனாலும் தோல்வாரின் இறுக்கம் காற்றின் சுமை ஆகாது. என் கணக்கில் உள்ள எண்கள், பறந்தவருடைய கை சொல்லித் திருத்தியவை, அளந்தவை அல்ல.

அதனால் வாயிற்படிக்கு உட்புறம் ஒரு தாளை ஒட்டி, இந்த அறை எங்கெங்கே பொய் சொல்கிறது என்று எழுதிவைத்தேன். அறை அசைவதில்லை, ஓடுபாதை சற்று அருகில் தெரியும், சக்கரத்தின் கனம் உத்தேசம், பிரேக் மிதியில் எதிர்ப்பு போதாது. இப்படி ஏழு வரிகள். தங்கை மகன் பயிற்சிக்குப் போய் விடுமுறைக்கு வந்தபோது, ஆசனத்தில் உட்காருவதற்கு முன் அதைப் படித்தான். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, "மாமா, இங்கே மழை சத்தமே இல்லை," என்று சொல்லிக்கொண்டே எட்டாவது வரியை எழுதினான்.