ஐந்து பிள்ளைகளும் ஒரு சிறு வள்ளமும்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கவலை எந்நாட்டுப் பெற்றோருக்கும் உண்டு. கனடாவின் மேற்குக் கரையில் வாழ்ந்த மியூரியல் வைலி பிளாஞ்செட் என்னும் மாதரசி இக்கவலையைத் தீர்த்துக்கொண்ட விதத்தைக் கேட்டால் நம் தாய்மார் மூக்கில் விரலை வைப்பர். தம் வீட்டைக் கோடை முழுவதற்கும் வாடகைக்கு விட்டுவிட்டு, ஐந்து பிள்ளைகளையும் 25 அடி நீளமும் ஆறரை அடி அகலமும் கொண்ட ஒரு மோட்டார் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு, மனித நடமாட்டம் அருகிய தீவுகளுக்கிடையே மாதக்கணக்காகத் திரிந்து வந்தார். அதுவும் ஒருமுறை அன்று. 1920களின் பிற்பகுதி தொடங்கிப் பல ஆண்டுகள், கோடைதோறும்.

அவ் வள்ளத்தின் பெயர் 'கப்ரிஸ்'. அதைப்பற்றி ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அம்மையாரின் கணவர் ஒருநாள் அதே வள்ளத்தில் தனியே சென்றவர் திரும்பி வரவில்லை. வள்ளம் அகப்பட்டது, அவர் அகப்படவில்லை. கடலில் மூழ்கியிருக்க வேண்டும் என்றே கொள்ளப்பட்டது. வேறொருவராயின் அவ் வள்ளத்தைக் கண்ணாற் காணவும் சகியார். இவரோ அதன் சுக்கானைத் தம் கையில் எடுத்தார். வீட்டு வாடகைப் பணம் குடும்பத்துக்கு உதவிற்று என்பது உண்மையே. ஆயினும் பணம் ஒன்றே காரணம் என நாம் நம்பவில்லை. இப்பிரயாணங்களைப் பற்றி அவர் எழுதிய 'காலத்தின் வளைவு' என்னும் ஆங்கில நூலிலே கணவரின் மறைவைக் குறித்து ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்த மௌனத்தை நாம் குறையாகக் கொள்ளமாட்டோம்.

ஆறரை அடி அகலத்தில் ஆறு பேர் வாழ்வதென்றால், எதைக் கொண்டுபோவது என்பதைவிட எதை விட்டுச் செல்வது என்பதே பெரிய யோசனை ஆகிவிடும். கடலில் மீன், கரையில் மட்டி, காட்டில் சிறு பழங்கள் என்று இடத்துக்கேற்ப உணவு கிடைத்தது. எஞ்சின் நின்றுவிட்டாற் கூப்பிட ஆளில்லை. ஆகவே அதைக் கழற்றிப் பூட்டும் வித்தையைத் தாமே கற்றுக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

இனி அக்கடலின் குணத்தைப் பார்ப்போம். நம் நாட்டுக் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரும் இராது. ஆதலால் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகேறிப் பழகியவர்களுக்கு அவ்விடத்து நிலைமை எளிதில் விளங்காது. அங்கே கடல் ஐந்து மீற்றர் வரை ஏறி இறங்குகின்றது. வன்கூவர்த் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே எண்ணற்ற தீவுகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. அவ்வளவு நீரும் அவற்றின் இடுக்குகளினூடே புகுந்து வெளியேற வேண்டியிருப்பதால், கடல் நடுவிலே காட்டாறு போன்ற பாய்ச்சலும் சுழிகளும் உண்டாகின்றன. செய்மூர் இடுக்கிலே நீர் மணிக்கு 15 கடல் மைல் வரை ஓடும். அதன் நடுவே நீருள் மறைந்திருந்த இரட்டைமுகட்டுப் பாறையொன்று நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களையும் படகுகளையும் பலி கொண்டது. 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி 1,200 தொன்னுக்கு மேற்பட்ட வெடிமருந்தைப் புதைத்து அதைத் தகர்த்தார்கள். அம்மையார் பிள்ளைகளுடன் திரிந்த காலத்தில் அப்பாறை அங்கேயே இருந்தது.

இத்தகைய கடலிற் சிறு வள்ளத்தின் வலிமை எஞ்சினில் இல்லை. வற்றுப்பெருக்கு அட்டவணையில் இருக்கிறது. நீர் ஒரு திசையில் ஓடி முடித்து மறு திசைக்குத் திரும்புமுன் சில நிமிடம் அசையாது நிற்கும். அந்த வேளையே இடுக்கின் கதவு திறந்திருக்கும் வேளை. அதைத் தவறவிட்டால், நீர் மீண்டும் அடங்குவதற்கு ஏறக்குறைய ஆறு மணிநேரம் காத்திருக்க வேண்டும். ஐந்து பிள்ளைகளின் உயிரைக் கையில் வைத்திருக்கும் தாய்க்கு அவசரம் என்பது தகாது. சிறுவர்களும் அந்தக் காத்திருப்பைப் பழகிக்கொண்டார்கள். மணிக்கூட்டைப் பார்த்து எழும் பிள்ளைகளுக்கு இது கிட்டாத கல்வி என்று எமக்குத் தோன்றுகிறது.

அவர்கள் மிக விரும்பிச் சென்ற இடங்களுள் ஒன்று இளவரசி லூயிசா நுழைகழி. அதனை அடைய முதலில் ஜேர்விஸ் நுழைகழியில் நெடுந்தூரம் செல்லவேண்டும். மலைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. ஆழமோ 600 மீற்றருக்கு மேல். நங்கூரம் போட நிலம் எட்டாது. பின்னர் ஒடுங்கிய வாயில் ஒன்றில் நீர் அடங்குவதற்குக் காத்திருந்து நுழைந்தால், பனிமலைகள் சூழ்ந்த அமைதியான நீர்ப்பரப்பும், அதன் கோடியிலே 40 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவியும் காணப்படும். 1792இல் இக்கரையை அளந்து சென்ற கப்டன் வன்கூவர் அந்த வாயிலை ஒரு சிற்றோடை என எண்ணிக் கடந்துபோனார். அவருடைய பிரயாணக் குறிப்புகளை வள்ளத்திலேயே வைத்து வாசித்துவந்த அம்மையாருக்கு, அந்தப் பெரிய மாலுமி காணாததைத் தாம் கண்டதில் ஒரு சிறு பெருமிதம் இருந்திருந்தால் யார் குறை சொல்வர்?

ஆனால் அவரும் காணாதது ஒன்றுண்டு. வடக்கே குவாக்குவக்கவாக்கு என்னும் பூர்வ குடிகளின் தீவூர்களுக்கு அவர்கள் சென்றார்கள். கோடையில் அம்மக்கள் மீன்பிடிக்கவும் மீன் தகரத்திலடைக்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்யவும் போய்விடுவர், ஊர் வெறுமையாயிருக்கும். அவ்வீடுகளுக்குள்ளே தாயும் பிள்ளைகளும் புகுந்து, செதுக்கிய பெருந்தூண்களை வியந்து பார்த்தனர். அதை அழிந்துபோன ஒரு பழங்காலம் போலவே நூல் வருணிக்கிறது. நாம் திருவிழாவுக்குப் போயிருக்கையில் அந்நியர் வந்து அடுக்களையைச் சுற்றிப் பார்த்தால் எமக்கு எப்படியிருக்கும்? அம்மக்கள் அழியவில்லை. அவர்கள் கூடிப் பொருள் வழங்கும் பொட்லாச் என்னும் சடங்கை 1885 முதல் கனடாச் சட்டம் தடுத்திருந்தது. அத்தீவுகளில் ஒன்றிலே 1921ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திற் சடங்கு நடத்தியமைக்காகப் பலர் சிறை சென்றனர். முகமூடிகளும் அணிகளும் பறிக்கப்பட்டன. தடை 1951இல் நீங்கியது. பறிபோனவற்றுட் பல திரும்பி வர, அவற்றை வைப்பதற்கென 1980இல் அலேட் பே என்னும் ஊரில் அம்மக்களே ஒரு நிலையம் திறந்தார்கள். அதன் பெயரான 'ஊமிஸ்தா' என்பது திரும்பி வருதலைக் குறிக்கும்.

எந்த ஆண்டில் எது நிகழ்ந்தது என்று பிரித்தறிய முடியாதவாறு பல கோடைகளை ஒரே கோடைபோலக் கலந்து எழுதியிருக்கிறார் அம்மையார். அதிலே பிள்ளைகள் வளர்வதே இல்லை எனலாம். எடின்பரோ நகரத்துப் பிளாக்வுட் பதிப்பகம் 1961இல் நூலை வெளியிட்டபோது அப்பிள்ளைகள் எல்லோரும் பெரியவர்களாகிவிட்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில், தமது எழுபதாவது வயதில், அவர் காலமானார். தட்டச்சுப் பொறியின் முன்னே இருந்தபடியே அவரது உயிர் பிரிந்தது என்பர்.