கூடாரத் துணியை இற்றுப்போகச் செய்த பூஞ்சை

தாவரச் செல்களின் சுவருக்கு உறுதி தரும் செல்லுலோஸ், மாவுச்சத்தைப் போலவே குளுக்கோஸ் மூலக்கூறுகளால் ஆன நெடுஞ்சங்கிலிதான் என்றாலும், அம்மூலக்கூறுகள் பீட்டா-1,4 என்னும் பிணைப்பால் இணைந்திருப்பதால், சங்கிலிகள் சுருளாமல் நேராக நீண்டு, அண்டைச் சங்கிலிகளுடன் ஹைட்ரஜன் பிணைப்புகளால் நெருங்கி அடுக்கப்பட்டு, நீரும் எளிதில் புக முடியாத படிக இழைகளாகின்றன. அந்த பீட்டா-1,4 பிணைப்பை அறுக்கும் செல்லுலேஸ் நொதிகள் மனித உடலில் சுரப்பதில்லை. சோற்றைச் செரிக்கும் குடலால் வைக்கோலைச் செரிக்க இயலாதது இதனால்தான்.

இந்நொதிகளை மிகுதியாகச் சுரப்பதில் பெயர்பெற்றது டிரைக்கோடெர்மா ரீசை என்னும் பூஞ்சை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் விரைந்து இற்றுப்போனதற்குக் காரணம் தேடியபோது அத்துணியிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்ட இது, தமிழக உழவர்கள் விதை நேர்த்திக்குப் பயன்படுத்தும் டிரைக்கோடெர்மா விரிடி என்றே முதலில் கருதப்பட்டு, 1977இல்தான் தனி இனமாகப் பிரிக்கப்பட்டு, அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரைப் பெற்றது. துணியைக் காக்கத் தொடங்கிய ஆய்வை, ரீஸும் மேரி மாண்டல்ஸும் நேட்டிக் நகரின் இராணுவ ஆய்வகத்தில் செல்லுலோஸைச் சர்க்கரையாக்கும் ஆய்வாக வளர்த்தெடுத்தனர்.

அவ்வாய்வுகள் உணர்த்திய முதன்மையான செய்தி, படிகச் செல்லுலோஸைச் சிதைப்பது தனியொரு நொதியின் வேலையன்று, ஒரு கூட்டத்தின் வேலை என்பதாகும். இழையின் ஒழுங்கற்ற பகுதிகளில் எண்டோகுளுக்கனேஸ் சங்கிலியை இடையில் வெட்டிப் புதிய முனைகளை உண்டாக்க, செல்லோபயோஹைட்ரோலேஸ் அம்முனையைப் பற்றிக்கொள்கிறது. இந்த இரண்டாம் நொதியின் அமைப்பே வியப்புக்குரியது: ஏறத்தாழ 5 நானோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் போன்ற குடைவு அதனுள் இருக்க, சங்கிலி அதற்குள் இழுக்கப்பட்டு, இரு குளுக்கோஸ் அலகுகள் கொண்ட செல்லோபயோஸாக அடுத்தடுத்து அறுபட்டு வெளியேறுகிறது, நொதியோ பிடியை விடாமல் இழைமீது முன்னேறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் செல்லோபயோஸ் தேங்கினால் அதுவே இந்நொதியைத் தடுத்துவிடும் என்பதால், அதைக் குளுக்கோஸாகப் பிளக்கும் பீட்டா-குளுக்கோசிடேஸ் உடனிருந்தாக வேண்டும். ரீசை அதைக் குறைவாகவே சுரப்பதால், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையிலிருந்து பெற்ற நொதியைக் கலந்து ஈடுசெய்யும் வழக்கம் உண்டானது.

பிணைப்புகள் நீரின் துணையால் மட்டுமே அறுபடுகின்றன என்ற நெடுநாள் எண்ணம் பின்னர் மாறியது. 2010இல் பூச்சிகளின் ஓட்டிலுள்ள கைட்டின்மீதும், அடுத்த ஆண்டு செல்லுலோஸ்மீதும், செம்பு அணுவைக் கொண்ட வேறுவகை நொதிகள் ஆக்சிஜனேற்றத்தால் படிகத்தின் மேற்பரப்பையே வெட்டுவது உறுதியாயிற்று. வைக்கோல், சோளத்தட்டை முதலியவற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கான நொதிக் கலவைகளில் இவையும் இடம்பெற்றுள்ளன. எனினும் இவை இயங்கத் தேவையான ஹைட்ரஜன் பெராக்சைடு மிகுந்தால் நொதியே சிதைந்துவிடும் என்பதால், அதை அளவறிந்து ஊட்டும் முறைகளை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர்.