வாடகைப் பலகையை எங்கே மாட்டுகிறோம்?

ஜூன் பிறந்தால் விழுப்புரத்தில் வீடு தேடும் கூட்டம் கூடிவிடும். அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, அரசு சட்டக் கல்லூரி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி என்று படிக்க வருபவர்கள் ஒரு பக்கம். மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், செவிலியர்கள், போக்குவரத்துக் கழக ஊழியர்கள் இன்னொரு பக்கம். செஞ்சி, கண்டாச்சிபுரம், மரக்காணம் பக்கமிருந்து தினமும் பேருந்தில் வந்துபோக முடியாத மாணவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு வீடு பிடிக்கலாம் என்று கிளம்புகிறார்கள். அவர்களில் காலனிப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தத் தேடல் சீக்கிரம் முடிவதில்லை.

வீடு இல்லாமல் இல்லை. காலியாக இருக்கும் செய்தி அவர்கள் காதுக்கு வருவதில்லை. வந்தாலும் வாசலோடு நின்றுபோகிறது. வீட்டுக்காரர் எங்கே சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பதிலேயே யார் குடிவரலாம் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. கோயில், தேர், சுடுகாடு, டீக்கடை என்று சாதியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். வாடகைப் பலகையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

நாலு வழி, நாலு சல்லடை

வீடு காலி என்று சொல்ல நம் ஊர்களில் நாலு வழி இருக்கிறது.

முதலாவது, கேட்டில் மாட்டும் 'டு-லெட்' பலகை. தெருவில் போகும் யாரும் படிக்கலாம். அந்த அளவில் இது நியாயமான வழி. ஆனால் கேள்விகள் கேட்டுக்கு உள்ளே காத்திருக்கின்றன. "எந்த ஊருப்பா?" என்பது முதல் கேள்வி. ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஊருல எந்தப் பக்கம்?" என்று அடுத்தது. ஊரா, காலனியா என்று நேராகவே கேட்பவர்களும் உண்டு. அப்பா பெயர், அப்பா வேலை, கறி சாப்பிடுவீர்களா என்று சுற்றி வளைப்பவர்களும் உண்டு. பதில் தெரிந்ததும், "நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்பார்கள். பலகை அடுத்த வாரமும் அங்கேயே தொங்கும்.

இரண்டாவது, புரோக்கர். வீட்டுக்காரர் தன் விருப்பத்தை அவரிடம் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். பிறகு யாரையும் முகத்துக்கு நேராக மறுக்க வேண்டிய சங்கடம் அவருக்கு இல்லை. புரோக்கரே ஊரை விசாரித்துவிட்டு, சில வீடுகளைக் காட்டாமல் விட்டுவிடுவார். தனக்கு ஒரு வீடு மறுக்கப்பட்டது என்பதே தேடி வந்தவருக்குத் தெரியாது.

மூன்றாவது, தெரிந்தவர் மூலம் சொல்வது. சொந்தக்காரர் கல்யாணம், கோயில் கமிட்டி, சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. இதற்குக் கெட்ட எண்ணம் வேண்டும் என்பதில்லை. நம்பிக்கையான ஆள் கிடைத்தால் சரி என்ற நினைப்பே போதும். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே சாதி என்றால், மற்றவர்களுக்கு வீடு இல்லை என்று சொல்லாமலே சொல்லியாயிற்று.

நான்காவது, பத்திரிகை வரி விளம்பரமும் செல்போன் செயலிகளும். எல்லார் கண்ணிலும் படும். அங்கே சல்லடையாக வருவது 'சைவம் மட்டும்' என்ற இரண்டு சொல். உண்மையிலேயே சாப்பாட்டை நினைத்து அப்படிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் கறிக்குழம்பு வைப்பவரே 'சைவம் மட்டும்' என்று போட்டால், அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்.

மனக்குறை மட்டும்தானா?

"அதெல்லாம் இப்ப யாரு பார்க்கறா?" என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 2012இல் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு கேட்டுச் சோதித்தார்கள். ஒரே வீட்டுக்காரரிடம் உயர்சாதி, தலித், முஸ்லிம் என்று மூவகைப் பெயர்களில் தொலைபேசியில் விசாரித்தார்கள். உயர்சாதிப் பெயர் சொன்னவர்களை ஏறத்தாழ யாரும் மறுக்கவில்லை. தலித் என்று தெரிந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும், முஸ்லிம்களில் 31 சதவீதம் பேருக்கும் நேரடியாகவே இல்லை என்றார்கள். இன்னும் பலருக்கு நிபந்தனை போட்டுத்தான் தர முன்வந்தார்கள். இந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஒருவரை ஒருவர் அறியாத பெருநகரத்திலேயே இந்த நிலை என்றால், ஊர்ப் பெயரைச் சொன்னாலே தெருவரை கணக்குப் போட்டுவிடும் நம் சிறுநகரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படித்துப் பதவிக்கு வந்துவிட்டால் வாசல் திறந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, 1917இல் பரோடா சமஸ்தானத்து வேலையில் சேர்ந்த அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாளில் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். இன்றைக்கும் நம் பிள்ளைகள் ஊரை மாற்றிச் சொல்லியும், அம்பேத்கர் படத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்தும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

வீடு கிடைக்காதவர்கள் கொடுக்கும் விலை பெரியது. மாலை வகுப்பையும் நூலகத்தையும் விட்டுவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நேரம் பயணத்தில் போகும். பெண் பிள்ளை என்றால், "போதும், வீட்டுல இரு" என்ற சொல் சீக்கிரம் வந்துவிடுகிறது.

பலகை மாட்டுபவர் தலித் என்றால்

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். அரசு வேலையில் சேர்ந்து, வங்கிக் கடன் வாங்கி, நகரத்து ஓரத்தில் மனை பிடித்து வீடு கட்டியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். மாடியை வாடகைக்கு விட்டால் கடன் தவணைக்கு உதவும் என்பது அவர்கள் கணக்கு. பார்க்க வருபவர்களுக்கு வீடு பிடிக்கும், தண்ணீர் வசதி பிடிக்கும். கூடத்தில் அம்பேத்கர் படத்தைப் பார்த்ததும், "வீட்டுல கலந்துக்கிட்டு சொல்றோம்" என்று போவார்கள். பிறகு தகவல் இருக்காது.

படத்தைக் கழற்றுவது தீர்வாகாது. சொல்லும் இடத்தைத்தான் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரசு மருத்துவமனை, பேருந்துப் பணிமனை, கல்லூரி போன்ற இடங்களுக்கு மாற்றலாகியோ படிக்கவோ வருபவர்களுக்கு உடனே வீடு வேண்டும். அங்கே அனுமதி பெற்று அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஊழியர் சங்கங்களிலும் மாணவர் விடுதிக் காப்பாளர்களிடமும் சொல்லி வைக்கலாம். செயலியில் போடும்போது வாடகை, அட்வான்ஸ், எத்தனை பேர் தங்கலாம், பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். கடைசியாக ஒரு வரி: 'சாதி, மதம் கேட்பதில்லை.' அந்த வரியைப் படித்துவிட்டு வருபவர் படத்தைப் பார்த்துத் திரும்பிப் போகமாட்டார். வாசல் வாசலாக அலைந்து களைத்த மாணவருக்கும் அதுவே அழைப்பு.

நம் ஆட்களுக்கு மட்டும் என்று நாமும் சுருக்கிக்கொள்ள வேண்டாம். மறுக்கப்பட்டவருக்கு முதலில் கொடுப்பது நம் கடமை. கதவை எல்லாருக்கும் திறந்து வைப்பது நம் கொள்கை.

சட்டம் என்ன சொல்கிறது?

1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் பலர் மறந்துவிட்ட சட்டம். தீண்டாமையின் பேரில், எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பு கட்டுவதையோ, வாங்குவதையோ, அதில் குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்று அதன் 4ஆவது பிரிவு சொல்கிறது. எழுத்தாலோ பேச்சாலோ தீண்டாமையைத் தூண்டுவதை 7ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. "சாதிக்காக மறுக்கலங்க" என்று தப்பிப்பவர்களுக்கு 12ஆவது பிரிவு இருக்கிறது. இச்சட்டப்படி குற்றமாகும் செயல் பட்டியல் சாதியினர் மீது நடந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அது தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் கருத வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டம், ஒப்பந்தம் போடும் இருவரின் உரிமைகளையும் கடமைகளையும் பேசுகிறது. ஒப்பந்தத்துக்கு முன்னால் கேட்டில் நிற்பவருக்கு மேற்சொன்ன சட்டம்தான் துணை. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில் கையெழுத்தான வீட்டுரிமைச் சட்டம், நிறத்தையோ மதத்தையோ காட்டி வாடகை விளம்பரம் வெளியிடுவதையே தடை செய்தது. விளம்பரம் என்பது வீட்டின் முதல் வாசல் என்று அந்தச் சட்டம் புரிந்துகொண்டது. நமக்கும் அப்படி ஒரு தெளிவான சட்டம் வேண்டும்.

அதுவரை மாணவர்கள் செய்யக்கூடியவை சில. தனியாகப் போகாமல் நண்பரோடு போங்கள். விளம்பரத்தையும் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். மறுத்த நாளும் சொன்ன சொல்லும் குறித்து வையுங்கள். வன்கொடுமைத் தடுப்புக்கான தேசிய உதவி எண் 14566. பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டியது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுவும் கொடுக்கலாம்.

கல்லூரிகளிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்று. சேர்க்கை நடக்கும் மாதத்தில் வாடகை வீடுகளின் பட்டியலை அலுவலகத்தில் வையுங்கள். சாதி கேட்காமல் கொடுப்பேன் என்று கையெழுத்துப் போடும் வீட்டுக்காரர்களின் வீடுகளை மட்டும் அதில் சேருங்கள். இதற்கு அரசாணை தேவையில்லை, நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு நோட்டும், அதைப் பொறுப்போடு வைத்திருக்கும் ஓர் ஆசிரியரும் போதும்.

வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வேண்டியது மாதம் பிறந்தால் வாடகை கொடுப்பவர், வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர், அக்கம்பக்கத்தில் சண்டை போடாதவர். இதில் எதையும் ஒருவரின் தெருப் பெயர் சொல்லாது. பலகையை எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள். வருபவரிடம் வேலையைக் கேளுங்கள், எத்தனை பேர் என்று கேளுங்கள். அதோடு நிறுத்திக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.