கடுங்குளிரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

கடுங்குளிர் என்பது உடலை நடுங்கவோ விறைக்கவோ செய்யும் மிகுந்த குளிரைக் குறிக்கும் சொல் ஆகும். கூதல், வாடை, பனி ஆகியனவும் இப்பொருளை ஒட்டி வழங்குகின்றன. தமிழ் பேசப்படும் சமவெளிகளில் தண்ணீர் உறைவதில்லை என்பதாலோ என்னவோ, இச்சொற்கள் குளிரின் அளவைவிட உடல் படும் பாட்டையே மிகுதியும் சுட்டுகின்றன. பனித்தல் என்ற வினைக்கு நடுங்குதல் என்றும் பொருள் உண்டு. வெடவெட, கிடுகிடு என்னும் இரட்டைக்கிளவிகளும் நடுக்கத்தையே காட்டுகின்றன.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க் காலம். பேச்சு வழக்கில் உள்ள கூதல் இதனோடு தொடர்புடையது. வாடை வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை இதனால் பெயர் பெற்றது.

பனி என்ற சொல்லே சிக்கலானது. மார்கழி விடியலில் காஞ்சிபுரத்துக் கோயில் தெருக்களை நனைப்பதும் பனி. இமயமலையை மூடியிருப்பதும் பனி. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றியதாகக் கூறப்படும் கந்தபுராணத்தில் பார்வதி இமவானின் மகளாக வளர்கிறாள். அந்தப் பனிமலையை ஊரார் தம் மார்கழிப் பனியைக் கொண்டே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இக்காலத்தில் அடைமொழி சேர்த்து வேறுபடுத்துவர். பார்வையை மறைப்பது மூடுபனி, வானிலிருந்து வெண்துகள்களாக விழுவது பனிப்பொழிவு, 0 பாகை செல்சியசு அளவில் தரையிலும் இலைகளிலும் படிவது உறைபனி. உதகமண்டலத்தில் திசம்பர், சனவரி மாதங்களில் காணப்படுவது உறைபனியே; பனிப்பொழிவு அன்று. தேயிலை கருகுவது உறைபனியால். மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவருக்கு இடர் மூடுபனியால். எனவே வானிலை எச்சரிக்கையில் வெறுமனே "பனி" என்று எழுதுவது போதாது.