பகைவரின் ஊரில் பாடிய பார்பரா

பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற பாடலாசிரியரும் பாடகியுமான பார்பராவின் இயற்பெயர் மொனிக் செர்ஃப். 1930 ஜூன் 9ஆம் திகதி பாரிஸில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் நாசி ஜேர்மனி பிரான்ஸைக் கைப்பற்றியபோது யூதர்கள் தேடித்தேடிப் பிடிக்கப்பட்டனர். மொனிக்கின் குடும்பமும் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, ஒளிந்து வாழ்ந்தே உயிர் தப்பியது.

வெளியே யுத்தம், வீட்டுக்குள் இன்னொரு கொடுமை. சிறுவயதிலேயே தந்தையின் பாலியல் வன்முறைக்கு அவர் ஆளானார். பொலிஸாரிடம் ஓடிச்சென்று சொல்லியும், தந்தை வந்து அழைத்துச் செல்வதை எவரும் தடுக்கவில்லை. பியானோக் கலைஞராகும் கனவும் வலது கையில் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையால் கலைந்தது.

எனினும் இசையை அவர் கைவிடவில்லை. 1950களில் சிறிய அரங்குகளில் பிறரது பாடல்களைப் பாடினார். பின்னர் தாமே எழுதி, இசையமைத்துப் பாடத் தொடங்கினார். குடும்பத்தைக் கைவிட்டுச் சென்ற தந்தை 1959இல் நான்த் நகரில் இறந்தார். அந்த மரணத்தைப் பற்றி அவர் எழுதிய பாடலே அவருக்குப் பெயர் தேடித் தந்தது.

1964இல் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரிலிருந்து அழைப்பு வந்தது. முதலில் மறுத்தவர், தயக்கத்துடனேயே சென்றார். அவர் கேட்ட பெரிய பியானோ மேடையில் இல்லை. அது இல்லாமல் பாட மாட்டேன் என்றார். மாணவர்கள் மூதாட்டி ஒருவரின் வீட்டிலிருந்து பியானோவைச் சுமந்து வந்தனர். அந்த அன்பு அவரை மாற்றியது. ஒரு வாரம் தங்கி, அந்நகரின் பெயரிலேயே ஒரு பாடலை எழுதினார். 1967இல் அதே ஊரில் அதனை ஜேர்மன் மொழியில் பாடினார். இரு நாடுகளின் நல்லுறவுக்கு அப்பாடல் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

1980களில் எயிட்ஸ் நோயாளர்களுக்காகக் குரல் கொடுத்தார், சிறைச்சாலைகளிலும் பாடினார். 1997 நவம்பர் 24ஆம் திகதி காலமானார். தந்தை இழைத்த கொடுமையை அவர் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகள் 1998இல்தான் வெளிவந்தன.

சகோதரிகளே, ஒன்றைக் கவனியுங்கள். பகைநாட்டு மக்களோடு சமாதானம் பேச அவருக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. வீட்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லவோ ஓர் ஆயுட்காலம் சென்றது. அன்று அந்தச் சிறுமி சொன்னதைக் கேட்டவர்கள் அவளைக் காத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். நம் பிள்ளைகள் எதையாவது தயங்கித் தயங்கிச் சொல்ல வந்தால், அதட்டாமல் கேட்போம், நம்புவோம், துணை நிற்போம்.