துப்பாக்கிக் கட்டைக்கு ரப்பர் மெத்தை

பயிர்க் காவலுக்கு உரிமத்துடன் 12 போர் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் சிலருக்கு, சுட்ட மறுநாள் தோள் கன்றிப்போகிறது. கட்டையின் அடியில் ரப்பர் மெத்தை பொருத்தினால் உதை தணியும். ஆனால் 1 அங்குல மெத்தையை அப்படியே வைத்தால் கட்டையும் 1 அங்குலம் நீளும். தூக்கும்போது சட்டையில் சிக்கும், தோளை விட்டு விலகி மேற்கையில் உதைக்கும். வலி கூடத்தான் செய்யும்.

தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைக்க வேண்டும். சுட்டுவிரலின் முதல் கணு விசைக்கு எட்டினால் நீளம் ஏறக்குறைய சரி. அப்படியானால் மெத்தையின் கனம் எவ்வளவோ அவ்வளவு மரத்தை, பழைய சரிவு மாறாமல் அறுக்க வேண்டும். அறுத்த முகத்தில் ஆளிவிதை எண்ணெய் தடவினால் ஈரம் எளிதில் ஏறாது.

ஊர்த் தச்சரிடம் கொடுக்கக் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். அந்த உரிமம் உள்ள கடைக்கே எடுத்துச் செல்ல வேண்டும்.